குறைந்திருப்பது யாருடைய மதிப்பு?
வளர்ப்புப் பராமரிப்பில் வாழும் குழந்தைகளின் தன்மதிப்பு: ஒரு மறுபார்வை

1. கேள்வி

பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு கருத்து ஏறக்குறைய முடிந்த முடிவாகவே நிலவுகிறது. வீட்டில் வளரும் பிள்ளைகளைவிட இவர்களுக்குத் தன்மதிப்பு குறைவு என்பதே அது. முதுநிலை ஆய்வேடுகள் பலவற்றின் கருதுகோள் இதுதான். சில பத்துக் குழந்தைகளிடம் வினாத்தாளைக் கொடுத்து, கிடைத்த மதிப்பெண்ணை அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, குறைவு தெரிந்தால் ஆற்றுப்படுத்துதலைப் பரிந்துரைப்பதோடு பணி நிறைவு பெறுகிறது. குறை குழந்தைக்குள் இருக்கிறது என்ற எண்ணம் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அமர்ந்துவிடுகிறது.

அந்த எண்ணத்தைச் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தன்மதிப்பு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? குழந்தை வாழும் ஏற்பாட்டின் பெயரா அதைத் தீர்மானிக்கிறது, அல்லது அந்த ஏற்பாட்டுக்குள் அன்றாடம் நடப்பவையா? அளவுகோல் காட்டும் எண்ணைக் கொண்டு நாம் யாரை மதிப்பிட வேண்டும்?

இக்கேள்விகளைக் கேட்கக் காலாப்பட்டு பொருத்தமான இடம். புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் இது. 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. சமூகப்பணியும் உளவியலும் கற்பிக்கப்படும் வளாகம் அது. புதுச்சேரியின் மத்தியச் சிறையும் இதே ஊரில்தான். பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் ஆகிய கடலோரக் குப்பங்கள் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டவை. குழந்தை பெற்றோரைப் பிரியும் காரணங்களில் இரண்டை, சாவையும் சிறையையும், இந்த ஊர் அருகிலிருந்து அறிந்திருக்கிறது.

பிள்ளையை உறவிலிருந்து பிரிக்கும் மூன்றாவது ஒன்றும் இங்கே உண்டு: எல்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற வரைபடத்தில் காலாப்பட்டு தனித்துண்டு. அதைச் சூழ்ந்திருக்கும் நிலம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையத்தில் ஆதரவின்றி நிற்கும் குழந்தை விழுப்புரத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. சில கிலோமீட்டர் தள்ளிக் காலாப்பட்டில் நிற்கும் குழந்தை புதுச்சேரியின் குழுவுக்கு உரியது. தாய்வழிச் சொந்தம் ஒரு பக்கமும் தந்தைவழிச் சொந்தம் மறுபக்கமும் இருப்பது இக்குப்பங்களில் சாதாரணம். பிள்ளையின் உறவு வரைபடமும் அரசின் வரைபடமும் இங்கே ஒத்துப்போவதில்லை.

2. சட்டம் வகுக்கும் ஏற்பாடுகள்

'பராமரிப்பில் உள்ள குழந்தை' என்று ஒரே பெயரில் அழைத்தாலும், நடைமுறையில் குறைந்தது நான்கு வகை வாழ்க்கைகளை நாம் ஒன்றாகக் கட்டிவைக்கிறோம். பாட்டி, சித்தி, மாமா வீட்டில் வளரும் பிள்ளை. இரத்த உறவு இல்லாத குடும்பத்தில் குழுவின் ஆணைப்படி வளரும் பிள்ளை. ஒரு பராமரிப்பாளரின் கீழ்ச் சிறு குழுவாக வளரும் பிள்ளைகள். பெரிய விடுதியறையில் நூறு பேரோடு வளரும் பிள்ளை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவற்றை வேறுபடுத்துகிறது. அதன் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. குழந்தைகள் நலக் குழு தேர்ந்தெடுத்து, ஒப்புதல் தந்து, கண்காணிக்கும் ஒரு குடும்பத்தில் குழந்தை வளரலாம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒன்றாக வைக்க வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கலாம்; அவர்கள் தகுதி பெற்றதும் குழந்தை திரும்பலாம். தத்தெடுப்பிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். தத்தெடுப்பு பழைய உறவை முடித்துப் புதிய உறவைத் தொடங்குகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் இரண்டு உறவுகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.

ஒன்றிய அரசு 2016இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2024இல் அவற்றைத் திருத்தித் தனிநபர்களும் வளர்ப்புப் பெற்றோராக வழி செய்தது; வளர்ப்புக் குடும்பமே குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால் காத்திருக்க வேண்டிய காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்பது நிர்ணயம்.

சட்டம் இப்படி இருந்தாலும் நாட்டின் பழக்கம் இல்லங்களை நம்பியே இருந்துவருகிறது. பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நடத்தி 2018இல் வெளியான கணக்கெடுப்பு 9,589 நிறுவனங்களையும் அவற்றில் 3.7 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் கண்டது. நிறுவனங்களின் எண்ணிக்கையில் முன்வரிசையில் நின்றது தமிழ்நாடு. அதற்கு முந்தைய ஆண்டு, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் பற்றிய 2007ஆம் ஆண்டின் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லங்களைப் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும், வளர்ப்புப் பராமரிப்பு உள்ளிட்ட மாற்று வழிகளை வலுப்படுத்தவும் பணித்தது.

பெரிய இல்லத்துக்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கும் நடுவில் குடும்பச் சாயல் கொண்ட ஏற்பாடு ஒன்றுண்டு. 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள் அந்த வகை. இந்தியாவுக்கு 1964இல் வந்த இந்த அமைப்புக்குப் புதுச்சேரியிலும் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்திலும் கிராமங்கள் உண்டு. தனித்தனி வீடு, வீட்டுக்கு ஓர் அம்மா, அண்ணன் தங்கையாக ஏறத்தாழ பத்துப் பிள்ளைகள் என்பது அதன் அமைப்பு. இப்படி ஒரு வீட்டில் வளரும் பிள்ளையையும் நூறு பேர் விடுதியில் வளரும் பிள்ளையையும் ஒரே பட்டியலில் வைத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

3. தன்மதிப்பு என்னும் கருத்து

தன்மதிப்பைக் குறித்த நவீன உளவியல் சிந்தனைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் அதை ஒரு வகுத்தலாகச் சொன்னார்: மனிதர் அடைந்ததை, அவர் அடைய விரும்பியதால் வகுத்தால் வருவது. சார்லஸ் கூலி 1902இல் அதைப் பிறர் பார்வையோடு இணைத்தார்: மற்றவர்கள் நம்மை எப்படிக் காண்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோமோ, அதிலிருந்தே நம்மைப் பற்றிய நம் எண்ணம் உருவாகிறது. முதலாவது ஆசைக்கும் அடைவுக்கும் உள்ள தொலைவைப் பேசுகிறது. இரண்டாவது சுற்றியிருக்கும் முகங்களைப் பேசுகிறது. பெற்றோரைப் பிரிந்த குழந்தையின் விஷயத்தில் இரண்டுமே வேலை செய்கின்றன.

மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் இதை எண்ணாக மாற்றினார். நியூயார்க் மாநிலத்தின் 5,024 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்த நூலில் அவர் பயன்படுத்திய பத்து வாக்கியங்கள் இன்றும் உலகெங்கும் புழங்குகின்றன. ஐந்து வாக்கியங்கள் நேர்முகமானவை, ஐந்து எதிர்மறையானவை. பின்னர் சூசன் ஹார்ட்டர் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார். குழந்தைகள் தங்களை ஒரே எண்ணால் மதிப்பிடுவதில்லை. படிப்பு, விளையாட்டு, தோற்றம், நண்பர்கள், நடத்தை எனத் தனித்தனியாக எடைபோடுகிறார்கள் என்று காட்டினார். படிப்பில் தன்னைத் தாழ்வாக எண்ணும் பிள்ளை கால்பந்துத் திடலில் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஒட்டுமொத்த எண் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

4. சான்றுகள் சொல்வது

சான்றுகள் ஒரே திசையில் நிற்கவில்லை. அவை மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன.

முதல் அடுக்கு, நிறுவன வளர்ப்பின் தீங்கைக் காட்டுவது. ஜான் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாய்மைப் பராமரிப்பை இழந்த சிறு குழந்தையின் மனநலம் குலைவதை வற்புறுத்தியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த ஆய்வு அதற்கு வலுவான ஆதாரம் தந்தது. நிறுவனங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டதை 2007இல் அறிவித்தார்கள். சிறுவயதிலேயே போனவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. பின்னாளில் அதே குழந்தைகள் பன்னிரண்டு வயதை எட்டியபோது, ஒரே குடும்பத்தில் நிலையாக இருந்தவர்களிடமே நன்மை தெளிவாகத் தெரிந்தது. குடும்பத்துக்கு அனுப்புவதோடு வேலை முடியவில்லை; அங்கே நிலைக்க வைப்பதும் வேலைதான்.

இரண்டாம் அடுக்கு, இந்தப் படத்தைச் சிக்கலாக்குவது. கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயதுவரையுள்ள 2,837 குழந்தைகளை ஆராய்ந்த கேத்ரின் வெட்டன் குழுவின் முடிவு 2009இல் வெளிவந்தது. இந்தியக் களங்களில் ஒன்று ஐதராபாத். இல்லங்களில் வளர்ந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் அறிவு வளர்ச்சியும், உறவினர் உள்ளிட்ட குடும்பங்களில் வளர்ந்த ஆதரவற்ற பிள்ளைகளைவிட மோசமாக இல்லை. இல்லத்துக்கும் குடும்பத்துக்கும் இடையிலான வேறுபாட்டைவிட, இல்லத்துக்கும் இல்லத்துக்கும், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது என்ற திசையில் இது நம்மைத் திருப்புகிறது. புக்கரெஸ்ட் ஆய்வோடு இது மோதுவதாகத் தோன்றலாம். அங்கே ஆராயப்பட்டவர்கள் கைக்குழந்தைகள். ஒப்பிடப்பட்டவை தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட குடும்பங்கள். இங்கே ஆராயப்பட்டவர்கள் பள்ளி வயதினர். ஒப்பிடப்பட்டவை வறுமையில் உழலும் சாதாரண வீடுகள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

மூன்றாம் அடுக்கு தன்மதிப்பை நேரடியாகத் தொடுவது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெம்மி யுஃபரும் மரினுஸ் ஃபான் ஐசென்டோர்னும் 2007இல் 88 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தன்மதிப்பில் வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்டது. பிறநாட்டிலிருந்து, வேறு இனத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தியது. அதே தொகுப்பில், எண்ணிக்கையில் குறைந்த சில ஆய்வுகள் தத்துப்பிள்ளைகளின் தன்மதிப்பு நிறுவனங்களில் தங்கிவிட்ட குழந்தைகளைவிட உயர்ந்திருந்ததைக் காட்டின.

பெற்றோரை இழந்த அனுபவம் தத்துப்பிள்ளைக்கும் உண்டு, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கும் உண்டு. இழப்பே தன்மதிப்பைத் தாழ்த்துவதாக இருந்தால் இருவரிடமும் அது தாழ்ந்திருக்க வேண்டும். தத்துப்பிள்ளையிடம் தாழவில்லை என்றால், காரணத்தை இழப்புக்குப் பின் வந்த வாழ்க்கையில் தேட வேண்டும். தத்துப்பிள்ளைக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காதது நிரந்தரம்: நாளையும் இதே வீடு, இதே மனிதர் என்ற உறுதி.

5. அளவிடுதலில் உள்ள இடர்கள்

இந்தச் சான்றுகளை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது வினாத்தாளின் பலவீனங்களையும் சேர்த்தே கொண்டுவருகிறோம்.

முதல் இடர் ஒப்பீடு. இல்லத்துக் குழந்தையை யாரோடு ஒப்பிடுவது? தாய் தந்தை இருவரும் உள்ள, கட்டணப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் வறுமையின் விளைவும் சாதியின் விளைவும் பராமரிப்பின் விளைவாகக் கணக்கில் ஏறும். அதே குப்பத்தில், அதே வருமானத்தில், ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளையோடு ஒப்பிடுவதே நியாயம். இல்லத்துக்கு வராவிட்டால் அந்தக் குழந்தை வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை அதுதான்.

இரண்டாம் இடர் காலம். ஒரே நாளில் எடுத்த அளவு, தன்மதிப்பு பராமரிப்பால் குறைந்ததா, பராமரிப்புக்கு வருமுன்பே குறைந்திருந்ததா என்று பிரித்துச் சொல்லாது. குடிகாரத் தந்தையின் அடி, தாயின் சாவு, பள்ளி நின்றது என ஒரு நீண்ட கதையின் நடுவில்தான் குழந்தை குழுவின் முன் வந்து நிற்கிறது.

மூன்றாம் இடர் அதிகாரம். வினாத்தாளோடு வருபவர் இல்லத்தின் கண்காணிப்பாளர் அழைத்துவந்தவர். விடை வெளியே போகாது என்று எத்தனை முறை சொன்னாலும், 'பெருமைப்பட என்னிடம் அதிகம் இல்லை' என்ற பொருளில் வரும் வாக்கியத்துக்கு உடன்படுவது இல்லத்தைக் குறை சொல்வதாகுமோ என்று குழந்தை எண்ணக்கூடும். வருபவர்களிடம் துயரத்தைக் காட்டினால் உதவி வரும் என்று பழகிய குழந்தை எதிர்த்திசையில் விடையளிக்கவும் கூடும்.

நான்காம் இடர் அளவுகோலின் உள்ளேயே இருக்கிறது. டேவிட் ஷ்மிட்டும் யூரி அல்லிக்கும் ரோசன்பர்க் அளவுகோலை 53 நாடுகளில் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். எல்லா நாடுகளிலும் சராசரி நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. எதிர்மறை வாக்கியங்களை மட்டும் பல பண்பாடுகள் வெவ்வேறாக உள்வாங்கின. தன்னைத் தானே புகழக் கூடாது என்று வளர்க்கப்படும் பிள்ளை அடக்கமாகத் தரும் விடை, தாளில் தாழ்வாகப் பதிவாகிறது.

ஐந்தாவது, கோட்பாட்டு இடர். இழிவுக்கு ஆளாகும் குழுவினர் அனைவருக்கும் தன்மதிப்பு தாழும் என்ற எதிர்பார்ப்பை ஜெனிஃபர் க்ராக்கரும் பிரெண்டா மேஜரும் 1989இல் கேள்விக்குட்படுத்தினார்கள். இழிவு காட்டுபவரின் தப்பெண்ணத்தையே காரணமாகக் கொள்வது, தன் குழுவினரோடு மட்டும் தன்னை ஒப்பிடுவது, தன் குழு சோபிக்காத துறைகளை முக்கியமற்றவையாகக் கருதுவது ஆகிய மூன்று வழிகளில் மனிதர் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். இல்லத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் கொள்ளும் நெருக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். உள்ளே எல்லாரும் ஒரே நிலை. தாழ்வு உறைப்பது வெளியே கால் வைக்கும்போது. அப்படியானால் விடுதிக்குள் எடுக்கும் அளவும் பள்ளியில் எடுக்கும் அளவும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

6. நம் சூழலில் மதிப்பு தீர்மானமாகும் இடங்கள்

மேலை ஆய்வுகள் தொடாத சில இடங்கள் தமிழ்ச் சூழலில் உள்ளன.

ஒன்று, தலைப்பெழுத்து. தந்தை பெயரின் முதலெழுத்தைச் சுமக்காத பெயர் நம் பள்ளிப் பதிவேட்டில் அரைகுறையாகவே நிற்கிறது. சேர்க்கைப் படிவம், ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொரு வாசலிலும் 'அப்பா பேரு என்ன?' என்ற கேள்வி காத்திருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, காப்பாற்ற யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருப்பது இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிதான். சலுகை கிடைக்கிறது, வகுப்பறையில் அந்தச் சான்றிதழை உரக்கப் படிக்கும்போது கிடைப்பது வேறொன்று.

இரண்டு, பள்ளி. 'ஹோம் பசங்க' என்பது புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் ஆசிரியர்கள் வெகு இயல்பாகச் சொல்லும் அடையாளம். காணாமல்போன பேனாவுக்கு முதல் சந்தேகம் இவர்கள்மேல் விழுவது, பெற்றோர் கூட்டத்துக்கு வார்டன் வருவது, ஒரே துணியில் தைத்த உடையில் வரிசையாக வந்து வரிசையாகப் போவது எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையின் பெயரை அழித்துக் கூட்டப் பெயரை ஒட்டுகின்றன. குழந்தையைக் குறித்த நடைமுறைகளில் இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. அந்தக் கோட்பாடு குழுவின் அறையைத் தாண்டி வகுப்பறை வரை வரவில்லை.

மூன்று, தானம். பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் திதி ஆகியவற்றுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுவது நம்மிடம் வேரூன்றிய வழக்கம். கொடுப்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் முன்பின் தெரியாதவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பாடி, நன்றி சொல்லி, கைப்பேசிப் படத்துக்கு நின்றபின் இலையின் முன் உட்காரும் குழந்தைக்கு அந்தச் சோறு எதைச் சொல்லிக்கொடுக்கிறது? கூலி சொன்ன பிறர் பார்வை இங்கே இரக்கப் பார்வையாக நிலைத்துவிடுகிறது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சமூக வலைத்தளப் பக்கங்களைப் புரட்டினால் அந்தத் தடை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது தெரியும்.

நான்கு, உறவு வீடு. குடும்பமே சிறந்தது என்ற கொள்கையை ஏற்பவர்கள் இதையும் கண் திறந்து பார்க்க வேண்டும். தாய்மாமன் வீட்டிலும் பாட்டி வீட்டிலும் வளரும் பிள்ளைக்குத் தன் ஊர், தன் மொழிநடை, தன் குலதெய்வம், தன் கதை எல்லாம் கையோடு இருக்கின்றன. பெருந்தொற்றில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021இல் மாதம் 3,000 ரூபாய் அறிவித்ததன் பின்னால் இந்த நம்பிக்கையே இருக்கிறது. மறுபக்கம், ஒண்ட வந்த பிள்ளை என்ற பேச்சைக் கேட்டு வளர்வதும், அத்தை மகள் டியூஷனுக்குப் போகையில் பாத்திரம் துலக்குவதும் இதே வீடுகளில்தான் நடக்கிறது. இல்லத்தில் எல்லாருக்கும் ஒரே தட்டு. உறவு வீட்டில் இரண்டு தட்டுகள் அருகருகே இருக்கின்றன. தன்மதிப்பை அதிகம் அரிப்பது அருகில் இருப்பவரோடான வேறுபாடு என்பதால், குடும்பம் என்ற பெயரை மட்டும் நம்பி மேற்பார்வையைக் கைவிட முடியாது.

ஐந்து, சிறை. தாய் சிறைப்பட்டால் ஆறு வயதுவரை குழந்தை அவளுடன் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஆர்.டி. உபாத்யாய வழக்கில் வகுத்தது. ஆறு வயதுக்குப்பின் அந்தக் குழந்தை உறவினரிடமோ இல்லத்துக்கோ போக வேண்டும். செத்துப்போன பெற்றோரைப் பற்றிக் குழந்தை பேசலாம். சிறையில் இருக்கும் பெற்றோரைப் பற்றிப் பேச முடியாது. தன் கதையைச் சொல்ல முடியாமல் இருப்பது தன்மதிப்பின்மேல் விழும் தனிச் சுமை. உயிரோடு இருக்கும் தாயை 'இல்லை' என்று சொல்லப் பழக்கும் இல்லம், அறியாமல் அந்தச் சுமையைக் கூட்டுகிறது.

7. பதினெட்டு வயது

வில்லியம் ஜேம்ஸின் வகுத்தலை வளரிளம் பருவத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல் புலப்படும். இல்லத்தில் நன்கு பேணப்பட்ட பிள்ளைக்கு ஆசைகள் வளர்கின்றன. நர்சிங், பொறியியல், காவல்துறை என்று கனவுகள் விரிகின்றன. பதினெட்டு நிறையும் நாளில் அந்தக் கனவுக்கான அடித்தளம் நழுவுகிறது. சட்டத்தின் 46ஆம் பிரிவு வெளியேறும் இளைஞருக்குப் பண உதவிக்கு வழி செய்கிறது. பிற்காப்பு ஏற்பாடு 21 வயதுவரையும், தேவைப்பட்டால் 23 வரையும் நீளலாம். வீட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் இருபத்தைந்து வயதிலும் பெற்றோரின் கூரையின் கீழ் இருந்தபடி வேலை தேடுகிறார்கள். அதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. யாருமற்ற பிள்ளையிடம் மட்டும் பதினெட்டில் சொந்தக் காலில் நில் என்கிறோம்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் எடுக்கப்படும் தன்மதிப்பு அளவில் இந்த அச்சமும் கலந்திருக்கக்கூடும். அந்தக் குறைவைத் தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்திச் சரிசெய்ய முடியாது. எங்கே தங்குவது, யார் கல்லூரிக் கட்டணம் கட்டுவது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பவற்றுக்கு விடை தெரிந்தால் அச்சம் தானாகத் தணியும்.

8. ஒரு மறுப்பும் பதிலும்

தன்மதிப்புக்கே இத்தனை முக்கியத்துவம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1986இல் தன்மதிப்புக்கென அரசுப் பணிக்குழு ஒன்றையே அமைத்தது. சமூகத் தீமைகள் பலவற்றுக்கும் அதுவே மருந்து என்ற நம்பிக்கை அப்போது நிலவியது. ராய் பௌமைஸ்டரும் மூவரும் 2003இல் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பு உயர்ந்தால் படிப்பு உயரும் என்பதைவிட, படிப்பு உயர்ந்தால் தன்மதிப்பு உயரும் என்பதே பொருத்தமாகத் தெரிந்தது. தன்மதிப்பு பெரும்பாலும் விளைவு. காரணமாக அது செயல்படுவது குறைவு.

இந்த மறுப்பு இக்கட்டுரையின் வாதத்துக்குத் துணையாகவே வருகிறது. தன்மதிப்பு விளைவு என்றால், அதை நேரடியாக உயர்த்தப் பாட்டும் பயிலரங்கும் நடத்துவது வீண். அதே சமயம், விளைவு என்பதாலேயே அது நல்ல அளவுமானி. குழந்தையைச் சுற்றிய ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். மேலை நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதற்கும் காரணமில்லை. பிறர் பார்வையில் தன் இடம் என்ன என்ற கவலை, தலைப்பெழுத்தும் சாதிச் சான்றிதழும் கேட்கும் சமூகத்தில் வளரும் பிள்ளைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

9. முடிவுகள்

ஆராய்ந்தவற்றிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம்.

முதலாவதாக, பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்குத் தன்மதிப்பு இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. நிலையான வீடும் மாறாத மனிதரும் கிடைத்த பிள்ளைகளிடம் அது தாழவில்லை.

இரண்டாவதாக, குடும்பமா இல்லமா என்ற கேள்வி தேவையானது, போதுமானது அன்று. கைக்குழந்தைக்குக் குடும்பம் வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பள்ளி வயதுப் பிள்ளைக்கு எத்தனை முறை இடம் மாற்றப்பட்டது, உடன்பிறந்தவர் கூட இருக்கிறாரா, தன் கதை அதற்குத் தெரியுமா, தன்னைக் குறித்த முடிவுகளில் அதைக் கேட்டார்களா, பதினெட்டுக்குப்பின் என்ன என்பவை அதே அளவுக்குக் கனமான கேள்விகள். தனிப் பராமரிப்புத் திட்டம் என்ற படிவம் சட்டத்தில் இருப்பது இவற்றைப் பதிவு செய்யத்தான். காலாப்பட்டு போன்ற எல்லைத் துண்டுகளில் இரு அரசுகளின் குழுக்களும் ஒரே குழந்தையின் உறவுகளைச் சேர்ந்து தேடும் ஏற்பாடு இல்லாமல் அந்தப் படிவம் முழுமையாகாது.

மூன்றாவதாக, தன்மதிப்பு மதிப்பெண்ணை இல்லத்துக்கும் குழுவுக்கும் பள்ளிக்கும் உரிய மதிப்பெண்ணாகவே வாசிக்க வேண்டும். ஓர் இல்லத்தில் எண் குறைந்தால், குழந்தையை ஆற்றுப்படுத்த ஆள் அனுப்பும் முன், அங்கே ஓராண்டில் எத்தனை பராமரிப்பாளர்கள் மாறினார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் அவர்களின் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வினாத்தாளை ஒரே நாளில் நிரப்பி முடிக்காதீர்கள். அதே குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் செல்லுங்கள்; அதே தெருவில் அதே வறுமையில் வாழும் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள்; கண்டறிந்ததை முதலில் அந்தக் குழந்தைகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். குழந்தைகளின் விடைகளை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராத ஆய்வாளரும் அவர்கள் வாழ்வில் வந்து போன இன்னொரு பெரியவர்தான்.